ஜாபிரும் என் பெரியப்பாவும்

எங்கள் குடும்பத்தில் சொத்தை அழித்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கோர்ட்டில் அழித்தார். ஒருவர் நாடகக் கொட்டகையில் அழித்தார். மூன்றாமவரான என் பெரியப்பா அடுப்பில் அழித்தார். முதல் இரண்டு பேரைப் பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குரலில் கொஞ்சம் பெருமைகூடத் தொனிக்கும். "ஹைகோர்ட்டு வரைக்கும் போய் ஒரு கை பார்த்துட்டாரே!" என்பார்கள். பெரியப்பாவின் பேச்சு வந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். அவர் ரஸவாதம் செய்தவர். செம்பைப் பொன்னாக்கப் பார்த்தவர்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். கொல்லையில், மாட்டுக் கொட்டிலை ஒட்டி அவருக்கென்று ஒரு சாய்ப்பு இருந்தது. உள்ளே ஒரு துருத்தி, கருங்கல் கல்வம், மண் குகைகள், கூரை உயரத்துக்கு அடுக்கிய வறட்டி. சுவர் மாடத்தில் வரிசையாகச் சீசாக்கள்: கந்தகம், தாளகம், துத்தம், அன்னபேதி, படிகாரம், நவச்சாரம். பாதரசம் மட்டும் தனியாக ஒரு பீங்கான் ஜாடியில். சட்டிக்குச் சீலைமண் பூசி, குழியில் இறக்கி, வறட்டி மூட்டிப் புடம் போட்டுவிட்டு இரவெல்லாம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சிறுவனான எனக்கு அது திருவிழா மாதிரி. சீசாக்களின் பெயர்களை ஒப்பிப்பதும், விடிந்ததும் சாம்பலை அள்ளிக் கொட்டுவதும் என் உத்தியோகம்.

ஆறு மா நஞ்சை அந்தக் குழிக்குள் போயிற்று. அப்புறம் ஒரு சாமியார் வந்தார். உருகின செம்பை ஓர் இரும்புக் கோலால் கிளறிக் காட்டினார். குகையின் அடியில் மிளகளவு தங்கம் உட்கார்ந்திருந்தது. கோலின் நுனியைக் குடைந்து, பொன் தூளை வைத்து, மெழுகால் மூடியிருந்த தந்திரம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பயிருக்கு விதை மாதிரி, பொன்னை வளர்க்கவும் முதலில் கொஞ்சம் பொன் வேண்டும் என்று சாமியார் சொன்னார். பெரியம்மாவின் வளையல்கள் நாலும் கழன்றன. மறுநாள் விடியுமுன் சாமியாரும் கழன்றுவிட்டார்.

நான் பட்டம் வாங்குகிற அளவுக்குப் படிக்கவில்லை. கல்லூரியில் கழித்த இரண்டு வருஷத்தில் ரசாயனமும் ஒரு பாடம். முதல் வருஷம் சோதனைச் சாலையில் ஒரு கண்ணாடிக் குழாயில் வெள்ளை உப்பைப் போட்டுக் காய்ச்சினோம். உப்பு உருகவில்லை. நேராக வெண்புகையாகக் கிளம்பிப் போய், குழாயின் மேற்புறத்தில், சூடு குறைந்த இடத்தில், மறுபடியும் உப்பாகப் படிந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியவுடன் எனக்கு எங்கள் கொல்லை ஞாபகம் வந்துவிட்டது. நவச்சாரம்! வீதியில் ஈயம் பூச வருகிறவர் சூடான பாத்திரத்தின் மேல் தூவுகிறாரே, அதே நவச்சாரம். அம்மோனியம் குளோரைடு என்று அதற்குப் புதுப் பெயர் சூட்டி எங்கள் எதிரே நிறுத்தியிருந்தார்கள்.

அன்றைக்கு ஆசிரியர் ரஸவாதிகளைப் பற்றி வேடிக்கையாக இரண்டு வார்த்தை சொன்னார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "எங்க வீட்டுலேயே ஒருத்தர் இருக்கார், சார்" என்று எழுந்து நின்று, பெரியப்பாவின் தாடியையும் சாமியாரின் கோலையும் நடித்துக் காட்டினேன். கதை சொல்லிக் கைதட்டல் வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பா என்னைச் சாய்ப்புக்குக் கூப்பிட்டார். கை நடுங்க ஆரம்பித்திருந்தது. பாதரசப் புகை செய்த வேலை. "தம்பி, உங்க காலேஜில நவச்சாரத்தைப் பத்தி என்ன சொல்லிக் கொடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் பழைய பஞ்சாங்கம், பெரியப்பா. செம்பு செம்புதான், தங்கம் தங்கம்தான். ஒண்ணு இன்னொண்ணாக ஆகவே ஆகாது" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அது சரி. புகையாப் போனது எப்படித் திரும்ப உப்பாகுதுன்னு கேக்கலாமின்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, துருத்தியைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்.

இதற்கு விடை எனக்குத் தெரியும். சூட்டில் அந்த உப்பு இரண்டு வாயுக்களாகப் பிரிகிறது. சூடு தணிந்தவுடன் இரண்டும் மறுபடி கூடி உப்பாகிவிடுகின்றன. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விடை. அவர் கேட்டது ரசாயனக் கேள்வி. நான் கொடுத்தது உபதேசம். நான் ஊரை விட்டு வந்த சில வருஷங்களில் அவர் போய்விட்டார்.

வெகு காலம் கழித்து, நாலு பேர் பெயர் சொல்லும்படியான எழுத்தாளனான பிறகு, அவரை வைத்து ஒரு ஹாஸ்யக் கதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. பின்னணிக்காக ரஸவாதத்தின் சரித்திரத்தைப் புரட்டினேன். அங்கேதான் ஜாபிர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஹாஸ்யக் கதை அன்றோடு நின்றுபோயிற்று.

ஜாபிர் இப்னு ஹையான் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பது மரபு. இராக்கிலுள்ள கூஃபா நகரத்தில் வெகுநாள் இருந்தார் என்றும், இமாம் ஜஃபர் அஸ்ஸாதிக்கின் சீடர் என்றும் சொல்வார்கள். அவர் பெயரில் அரபு மொழியில் நூற்றுக்கணக்கான நூல்கள் உண்டு. 'பெருங் கருணை நூல்', 'நூற்றுப் பன்னிரண்டு நூல்கள்', 'எழுபது நூல்கள்', 'தராசு நூல்கள்' என்று தொகுதி தொகுதியாகப் போகிறது. 'எழுபது நூல்க'ளைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா ஊர் ஜெரார்டு என்பவர் லத்தீனில் மொழிபெயர்த்தார். ஐரோப்பா ஜாபிரை 'கெபர்' என்று அழைத்தது.

உலகத்திலுள்ள சரக்குகளையெல்லாம் இந்த நூல்கள் மூன்று இனமாகப் பிரிக்கின்றன. தீயில் இட்டால் ஆவியாகிப் போகிறவை ஓர் இனம்: கந்தகம், பாதரசம், பாஷாணம், கர்ப்பூரம், நவச்சாரம். அடித்தால் தகடாகிறவை, அதாவது உலோகங்கள், இரண்டாவது இனம். அடித்தால் பொடியாகிறவை மூன்றாவது. இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். பண்டங்களை நிறத்தாலும் புனிதத்தாலும் கிரகத்தாலும் தரம் பிரித்துக்கொண்டிருந்த உலகத்தில், 'தீயில் போடு, சுத்தியால் அடி, என்ன ஆகிறது என்று பார்' என்று சொன்ன பாகுபாடு இது. ரசாயனப் பொருள்களை முறைப்படி வகுத்ததில், நமக்குத் தெரிந்தவரை, இதுதான் ஆகப் பழையது.

நவச்சாரத்தைச் சுரங்கத்திலும் எரிமலை வாயிலும் தேட வேண்டியதில்லை. தலைமயிர், இரத்தம், செடிகொடி இவற்றிலிருந்தே வடித்து எடுக்கலாம் என்று செய்முறையும் அந்த நூல்களில் எழுதியிருக்கிறது. உயிருள்ளவற்றின் பொருளிலிருந்து ஓர் உப்பை ரசாயன வழியில் பிரித்தெடுக்கச் சொல்லும் மிகப் பழைய குறிப்பு அது. இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா நாவிதரிடம் மயிர் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு வந்த நாளும், ஊரே கைகொட்டிச் சிரித்ததும் ஞாபகத்துக்கு வந்தன.

ஜாபிர் சொன்னவற்றில் தவறும் ஏராளம். உலோகங்களெல்லாம் கந்தகமும் பாதரசமும் கலந்து பூமிக்குள் விளைந்தவை. சேர்க்கை சுத்தமாக இருந்தால் பொன், அசுத்தமாக இருந்தால் ஈயம் என்பது சித்தாந்தம். பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் கிடைப்பது லிங்கம் என்கிற சிவந்த சரக்குதான். ஆனாலும் இந்தத் தவறு பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் உலோகங்களைப் பற்றிய சிந்தனைக்கெல்லாம் அஸ்திவாரமாக இருந்தது.

'தராசு' என்ற அவருடைய கொள்கை இன்னும் வேடிக்கை. எல்லாப் பொருளிலும் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற நாலு குணங்கள் உண்டு, அவை 1, 3, 5, 8 என்ற விகிதப்படி அமைந்திருக்கின்றன, கூட்டினால் 17. ஓர் உலோகத்தில் எந்தக் குணம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? அதன் அரபுப் பெயரிலுள்ள எழுத்துக்களை எண்ணிக் கணக்குப் போடு! நம் ஊரில் பெயரெண் பார்த்து, ஓர் எழுத்தைக் கூட்டிப் போடச் சொல்கிறவர்களுக்கு ஜாபிர் மூத்த அண்ணன். இருந்தாலும் அந்த அபத்தத்துக்குள்ளே ஒரு பெரிய எண்ணம் ஒளிந்திருக்கிறது. உலகம் எடைக்கும் எண்ணுக்கும் கட்டுப்பட்டது, குணத்தைக்கூட அளந்துவிடலாம் என்பதே அது. அவர் கையில் எடுத்த தராசு பொய்த் தராசு. ஆனால் தராசு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீரை 700 தடவை வாலையிலிட்டு வடித்தால் ஈரமெல்லாம் நீங்கி, உப்புப் போல் வெளுத்த ஒரு பொருள் மிஞ்சும் என்று ஒரு செய்முறை உண்டு. எழுநூறு தடவை! ஃபிரான்ஸில் லவாய்ஸியர் அதற்கு உறவான ஒரு சோதனையைச் செய்து 1770-இல் வெளியிட்டார். மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரை 101 நாள் விடாமல் காய்ச்சினார். அடியில் வண்டல் தட்டியது. தண்ணீர் மண்ணாக மாறிவிட்டதா? அவர் தண்ணீரையும் எடை போட்டார், பாத்திரத்தையும் எடை போட்டார். தண்ணீர் குறையவில்லை, கண்ணாடிதான் குறைந்திருந்தது. வண்டல் கண்ணாடியிலிருந்து கரைந்து வந்தது என்று தெரிந்தது. இருவரிடமும் இருந்தது ஒரே பிடிவாதம்தான். லவாய்ஸியரின் தராசு நிஜத் தராசாக இருந்தது.

ஜாபிரின் புகழில் ஒரு பகுதியை நாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெடியுப்பிலிருந்து வடிக்கும் நைட்ரிக் அமிலத்தையும், பொன்னையே கரைக்கும் ராஜ திராவகத்தையும் அவர்தான் கண்டுபிடித்தார் என்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் எழுதி வந்தன. அந்தப் பெருமைக்கு ஆதாரமானவை 'கெபர்' பெயரில் ஐரோப்பாவில் உலவிய லத்தீன் நூல்கள். அவை ஜாபிரின் அரபு நூல்களோடு ஒட்டவில்லை என்று மார்ஸலின் பெர்த்தலோ என்ற ஃபிரெஞ்சு ரசாயனி 1893-இல் எடுத்துக் காட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் யாரோ லத்தீன் பண்டிதர்கள் எழுதி, மதிப்பு வேண்டி ஜாபிர் தலையில் கட்டிவிட்டவை அவை.

ஐரோப்பிய கெபர் பொய். அரபு ஜாபிராவது மெய்யா? நாவலாசிரியனாகிய எனக்கு இங்கேதான் நிஜமான சுவாரஸ்யம்.

பாக்தாத் நகரத்துப் புத்தக வியாபாரியான இப்னு அல்-நதீம், அரபு மொழியில் அதுவரை இருந்த நூல்களுக்கெல்லாம் 987-ஆம் ஆண்டில் ஒரு பெரிய பட்டியல் தயாரித்தார். ஜாபிர் என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று சில அறிஞர்களும் புத்தகக்காரர்களும் சொல்வதை அவரே அதில் குறிப்பிடுகிறார், பிறகு மறுக்கிறார். ஒரு மனிதன் மூளையைக் கசக்கி, கையொடிய இரண்டாயிரம் ஏடு எழுதிவிட்டு, இல்லாத ஒருவன் பெயரை அதற்குப் போடுவானா, போட்டால் அவனுக்கு என்ன லாபம் என்பது அவருடைய வாதம். அசல் புத்தக வியாபாரியின் கேள்வி! லாபத்தை விட்டு வேறு எதையாவது நினைத்து மனிதன் இரண்டாயிரம் ஏடு எழுதுவான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எழுதுகிற ஜாதிக்கு அது தோன்றும். நம்மிடமே அகஸ்தியர் பெயரில் எத்தனை வைத்திய நூல், எத்தனை வாத நூல்! நடையைப் பார்த்தாலே பிற்காலத்து ஆள் என்று தெரிகிறது. குருவின் பெயரைப் போட்டால் நூலுக்குக் கௌரவம். தன் பெயரைப் போட்டால் அகம்பாவம். சில சமயம் உயிர் பிழைக்கவும் பெயரை மறைக்க வேண்டியிருக்கும்.

இந்தப் புதிரை ஆராய்ந்தவர் பால் கிராஸ். 1904-இல் பிராக் நகரத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவரை 1933-ஆம் வருஷத்து ஹிட்லர் ஆட்சி துரத்தியது. பாரிஸுக்குப் போனார், பிறகு கெய்ரோ. அங்கே 1942-இலும் 1943-இலும் ஜாபிரைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். நூல்களிலுள்ள சொற்களும், அவற்றில் பழகும் கிரேக்க அறிவும், மதக் கருத்துக்களும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கடைசிக்கும் பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்கும் உரியவை. ஒரு கூட்டமே தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரில் எழுதியிருக்கிறது என்பது அவர் முடிவு. ஒரு பகுதியாவது பழைய ஜாபிருடையதே என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. கிராஸ் 1944-இல், நாற்பது வயது நிறையுமுன், கெய்ரோவில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். மனைவி அதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துபோயிருந்தார். பெயரை மறைத்துக்கொண்ட மனிதர்களைத் தேடிய அந்த நாடோடியை நினைத்தால் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

ஜாபிர் நூல்களுக்கு ஒரு விசித்திர வழக்கம் உண்டு. எந்த ரகசியத்தையும் ஒரே இடத்தில் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். பாதியை ஒரு நூலிலும் மீதியை வேறொரு நூலிலும் தூவிவிடுவார்கள். எல்லாவற்றையும் படித்துக் கோக்கிறவனுக்குத்தான் பொருள் கிட்டும். 1755-இல் ஆங்கில அகராதி தொகுத்த டாக்டர் ஜான்ஸன், பிதற்றலைக் குறிக்கும் 'ஜிப்பரிஷ்' என்ற சொல்லே கெபரின் பெயரிலிருந்துதான் வந்திருக்கும் என்று ஊகித்தார். இன்றைய மொழிநூலார் அதை ஏற்பதில்லை. ஆனால் அந்த ஊகம் பிறந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது.

மறைவாகப் பேசுகிற இடத்தில் மோசக்காரனும் வந்து உட்கார்ந்துகொள்வான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அல்-ஜவ்பரி என்ற டமாஸ்கஸ் நகரத்துக்காரர், ஏமாற்றுக்காரர்களின் தந்திரங்களை அம்பலப்படுத்தி ஒரு புத்தகமே எழுதினார். அதில் ஒரு கதை. ஒருவன் ஆயிரம் தங்கக் காசுகளை அராவித் தூளாக்கி, கரியோடும் மருந்தோடும் பிசைந்து உருண்டை பிடித்தான். அதை ஒரு மருந்துக் கடையில், குராஸான் சரக்கு என்று சொல்லி அற்ப விலைக்கு விற்றான். பிறகு பெரிய வித்துவான் வேஷத்தில் சுல்தான் நூருத்தீனிடம் போனான். செய்முறைக்கு அந்தச் சரக்கு வேண்டும் என்றான். சுல்தானின் ஆட்கள் ஊரெல்லாம் தேடி அந்தக் கடையில் கண்டுபிடித்தார்கள். குகையில் போட்டார்கள், அசல் தங்கம் வந்தது. குராஸானுக்குப் போய் இன்னும் கொண்டுவரச் சொல்லி, ஏராளமான பொருளோடு சுல்தான் அவனை அனுப்பிவைத்தார். அவன் திரும்பவே இல்லை. அப்புறம் ஊரில் ஒருவன் முட்டாள்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து, சுல்தான் பெயரை முதலில் எழுதினானாம். சுல்தான் கூப்பிட்டுக் கேட்டார். "அவன் திரும்பி வந்தால் தங்கள் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதிவிடுகிறேன்" என்றானாம்.

படித்துச் சிரித்தேன். சுல்தானுக்கே அந்தக் கதி என்றால் ஆறு மா நஞ்சைக்காரருக்கு என்ன என்று ஆறுதலாகவும் இருந்தது. அந்தச் சூட்டோடு ஊருக்குப் போனேன்.

சாய்ப்பு மழையில் விழுந்துவிட்டிருந்தது. பெரியம்மா தகரப் பெட்டி ஒன்றைக் காட்டினாள். அதற்குள் பெரியப்பாவின் நோட்டுப் புத்தகம் இருந்தது. பரிபாஷையும் மந்திரமுமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் பிரித்தேன். சில சரக்குகளுக்கு மட்டும் மாற்றுப் பெயர் எழுதியிருந்தார். மற்றவை நல்ல தமிழ். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, போட்ட சரக்கு, போட்ட எடை, எத்தனை சாமம் எரித்தது, எடுத்த எடை. எடையெல்லாம் குன்றிமணிக் கணக்கு. கீழே ஒரு வரி: 'சிவப்பு வந்தது. பொன் இல்லை.' 'சட்டி வெடித்தது. பொன் இல்லை.' 'எடை நாலு குன்றி குறைவு. எங்கே போயிற்று?' இருபத்திரண்டு வருஷத்து நோட்டில் ஓரிடத்திலாவது 'வந்தது' என்று அவர் எழுதவில்லை. சாமியார் செய்துகாட்டிய அன்றுகூட, 'பார்த்தேன். நான் செய்து வந்தால்தான் எழுதுவேன்' என்றுதான் எழுதியிருந்தார்.

எனக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்த கோமாளி எங்கே, இந்த மனிதர் எங்கே? கதை எழுதுகிற நான் இத்தனை வருஷத்தில் எவ்வளவு கூட்டியும் குறைத்தும் எழுதியிருக்கிறேன்! இவர் தம்மைத் தவிர யாரும் பார்க்காத நோட்டில்கூட ஒரு குன்றிமணி கூட்டவில்லை. சமர்த்தில்லாதவர்தான். குடும்பத்தை வாட்டியவர்தான். பொய்யர் அல்லர்.

ஒரு பக்கத்தில், ஓரமாக: 'நவச்சாரப் புகை திரும்ப உப்பாவது எதனால்? தம்பி லீவுக்கு வந்தால் கேட்க வேண்டும்.' அதற்குக் கீழே இடம் விட்டிருந்தது. ஒன்றும் எழுதவில்லை.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "என்ன தம்பி, கடைசிப் பக்கத்துல என்னமோ எழுதிக் கோடு போட்டிருக்காங்களே, அது என்ன?" என்று கேட்டாள்.

படித்துச் சொன்னேன். அது கடன் பக்கம். 'ஈசுவரிக்கு நான் கொடுக்க வேண்டியது. வளையல் நாலு. நிறை ஆறேகால் சவரன்.' எங்கள் வீட்டில் அந்த வளையல்கள் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே வந்திருந்தன. என் அப்பா பத்துச் சவரன் என்பார். அத்தை பதினைந்து என்பாள். நான் வகுப்பில் நடித்துக் காட்டியபோது இருபது என்று சொல்லியிருந்தேன்.

பெரியம்மா வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"ஆறேகால்தான். நிறை சரிதான், தம்பி" என்றாள்.